என் பயிற்சித்தாள் புத்தகமாக விற்கிறது, என் பெயர் இல்லாமல். கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?

நாலாங்கிளாஸ் | செவ்வாய் இரவு 10.40

வணக்கம். அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன், பதினேழு வருடமாக. இங்கே வந்து படிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை.

வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகத் தமிழில் பயிற்சித்தாள் செய்து வருகிறேன். ஒற்றெழுத்தை விழுங்கிவிட்டுப் படிப்பவனுக்கு ஒரு தாள், ண-ன குழம்புகிறவளுக்கு ஒரு தாள் என்று ஆரம்பித்தது. சேர்ந்து சேர்ந்து 46 பக்கம் ஆகிவிட்டது. போன ஜூனில் அதை பிடிஎஃப் ஆக்கி எங்கள் ஒன்றிய ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அங்கிருந்து யாரோ டெலிகிராமில் போட்டிருக்கிறார்கள். அதுவரை எனக்குச் சந்தோஷம்தான்.

போன சனிக்கிழமை என் வகுப்புப் பையனுடைய அம்மா ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து ஊர் டியூஷன் சென்டரில் 150 ரூபாயாம். “நீங்க குடுக்கிற தாள் மாதிரியே இருக்கு டீச்சர்” என்றார். மாதிரி எல்லாம் இல்லை, அதேதான். 31ஆம் பக்கத்தில் ‘பம்பரம்’ என்பதை நான் அவசரத்தில் ‘பம்ரபம்’ என்று அடித்துவிட்டேன், திருத்தவே இல்லை. அந்தப் பம்ரபமும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது. என் பெயரும் பள்ளிப் பெயரும் இருந்த அடிவரியில் மட்டும் வெள்ளைப் பட்டை. உள்ளட்டையில் “அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே” என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது.

போன் போட்டுக் கேட்டேன். “வாட்ஸப்பில் ஃப்ரீயாக வந்ததுதானே மேடம், ஃப்ரீ என்றால் எல்லாருக்கும் ஃப்ரீதானே” என்றார் சென்டர்காரர்.

நான் எங்கேயும் பதிவு செய்யவில்லை. வட்டத்துக்குள் சி போடும் குறியும் போடவில்லை. இனிமேல் கேட்க முடியுமா?

புத்தகப்பூச்சி | செவ்வாய் இரவு 11.15

முடியும் டீச்சர். நான் வக்கீல் இல்லை, கல்லூரி நூலகத்தில் வேலை. இந்தத் தலைவலி எங்களுக்குத் தினமும் உண்டு என்பதால் கொஞ்சம் தெரியும்.

இந்தியாவில் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எழுதி முடித்த நொடியில் உரிமை வந்துவிடும். பதிவு கட்டாயம் இல்லை, அந்தக் குறியும் கட்டாயம் இல்லை. வழக்கு என்று போனால் பதிவு ஒரு சான்றாகக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

“பயிற்சித்தாளுக்கெல்லாமா உரிமை” என்று அவர் கேட்டால், லண்டனில் 1916லேயே இதற்குத் தீர்ப்பு வந்துவிட்டது. கணக்குத் தேர்வு வினாத்தாள்களை ஒரு டியூஷன் பதிப்பகம் எடுத்து அச்சடித்தது. வினாத்தாளும் பதிப்புரிமை உள்ள படைப்பே என்றது நீதிமன்றம். நூறு வருடம் கழிந்தும் எதிர்த்தரப்பில் டியூஷன்காரர்தான்!

‘ஃப்ரீ’ விஷயம்: இலவசமாகக் கொடுத்ததால் உரிமை போகாது. உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் 21ஆவது பிரிவின்படி பதிவாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பொது அறிவிப்பு தர வேண்டும். வாட்ஸப்பில் ‘பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று ஒரு கைகூப்பும் படம் போட்டது அந்தக் கணக்கில் வராது. உங்கள் பெயரை வெள்ளைப் பட்டை போட்டு மறைத்தது 57ஆவது பிரிவில் தனியாக வரும். படைத்தவர் தன் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அது. பதிப்புரிமையையே விற்றாலும் அது உங்களிடம்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்த 46 பக்கத்தில் இருக்கிற படங்கள் யாருடையவை?

ஊர்க்குருவி | புதன் காலை 6.50

நான் கொஞ்சம் கசப்பாகவே சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சம்பளம் வாங்கிக்கொண்டு வகுப்புக்காகச் செய்த தாள். அது எப்படி உங்கள் சொந்தச் சொத்தாகும்? வேலையின் பகுதியாகச் செய்தது வேலை கொடுத்தவருக்கு என்று அதே சட்டம் சொல்கிறது. 17ஆவது பிரிவு.

இன்னொன்று. அரிச்சுவடிக்கு உரிமையாளர் யார்? ஆத்திசூடிக்கு? நமக்குத் தெரிந்த படிப்பெல்லாம் யாரோ எழுதி, யாரோ படியெடுத்து வந்ததுதான். ஏட்டைப் படியெடுத்தவர்களிடம் யாரும் உரிமம் கேட்டதில்லை.

புத்தகப்பூச்சி | புதன் காலை 8.05

17ஆவது பிரிவு சரி. ஆனால் அது வேலையின் போக்கில் செய்ததற்கு. பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றை, யாரும் கேட்காமல், வீட்டில், ராத்திரியில், சொந்த லேப்டாப்பில் செய்தால் அது ‘வேலையின் போக்கா’ என்று வாதாட இடம் நிறைய உண்டு. அப்படியே பள்ளி நிர்வாகத்துக்குச் சொந்தம் என்றே வைத்துக்கொள்வோம். டியூஷன் சென்டருக்குச் சொந்தமாவது எப்படி?

ஏடு பற்றி: படியெடுத்தவர்கள் யாருடைய ஏட்டைப் பார்த்து எழுதினார்கள், எந்த நாளில் எழுதி முடித்தார்கள் என்றெல்லாம் கடைசியில் எழுதிவைத்த ஏடுகள் எத்தனையோ உண்டு. வெள்ளைப் பட்டை போடவில்லை.

ஜெராக்ஸ் ராஜா | புதன் காலை 9.30

பள்ளிக்கூடம் எதிரில் கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. தினமும் டீச்சர்கள் வருகிறார்கள், “ராஜா, இது 40 செட்” என்பார்கள். அது யார் எழுதியது என்று நான் பார்க்கிறேனா? அப்புறம் பெற்றோர். பெரிய பையனுடைய கைடைக் கொண்டுவந்து சின்னவனுக்கு முழுசாக ஒரு காப்பி, ஸ்பைரல் போட்டு. இதில் எது தப்பு, எது சரி? என்னையும் உள்ளே பிடித்துப் போடுவார்களா?

புத்தகப்பூச்சி | புதன் பகல் 1.20

சாப்பாட்டு நேரம், சுருக்கமாக முயல்கிறேன்.

ஆசிரியருக்குச் சட்டத்திலேயே கதவு திறந்திருக்கிறது. 52ஆவது பிரிவு. கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம், தேர்வுக் கேள்வியில் போடலாம், விடையில் எழுதலாம். யாரிடமும் அனுமதி தேவையில்லை.

‘கற்பிக்கும் போக்கு’ எவ்வளவு தூரம் நீளும் என்பதற்குத்தான் டெல்லிப் பல்கலைக்கழக வழக்கு. ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீஸ் என்று டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ஒரு கடை. பேராசிரியர்கள் சொன்ன அத்தியாயங்களைத் தொகுத்துக் கட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூன்று பேரும் 2012ல் வழக்குப் போட்டார்கள். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். அதே டிசம்பரில் இரு நீதிபதி அமர்வு சொன்னதுதான் முக்கியம்: ‘கற்பிக்கும் போக்கு’ என்பது வகுப்பறைக்குள் பேசும் நேரம் மட்டும் இல்லை, பாடம் தொடங்கி முடியும் வரை உள்ள முழு வேலையும் அதில் வரும். இத்தனை சதவீதம்தான் என்று கணக்கும் வைக்கவில்லை, படிப்புக்குத் தேவைப்பட்ட அளவா என்று பார்க்க வேண்டும் என்றது. 2017ல் பதிப்பகங்கள் வழக்கை விட்டுவிட்டன.

ஆகவே ராஜா அண்ணே, டீச்சர் கொடுக்கும் 40 செட்டுக்குத் தூக்கம் கெட வேண்டாம். முழுக் கைடு, ஸ்பைரல் பைண்டிங் கதை வேறு. கடையில் கிடைக்கிற புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை அடிப்பதற்குக் ‘கற்பித்தல்’ என்று பேர் வைக்க முடியாது.

நாலாங்கிளாஸ் | புதன் இரவு 9.55

எல்லாருக்கும் நன்றி. புத்தகப்பூச்சி சார் கேட்ட கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதினேன், எழுத எழுத முகம் வேர்த்தது.

46 பக்கத்தில் 12 பக்கம் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து எடுத்த கதைகள், நான் வரிகளைச் சுருக்கி எழுத்தைப் பெரிதாக்கியது. 9 பக்கத்தில் அரசுப் பாடப்புத்தகத்துப் படங்கள். ஒரு பக்கம் பாரதிதாசன் பாட்டு. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக்கிடங்கில் எடுத்த பம்பரம் படம் ஒன்று, கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்காக மாற்றியது. கூகுளில் தேடி எடுத்தவை ஏழெட்டு இருக்கும், எங்கிருந்து என்று ஞாபகமில்லை. மீதி என் கையால் செய்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டோரிவீவர் கதை ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு பக்கம் வரும். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர், எந்தப் படம் யாருடையது எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். பேப்பர் மிச்சம் பண்ண அந்தப் பக்கத்தை எப்போதும் எடுத்துவிடுவேன். 12 கதைப் பக்கத்திலும் ஒருவர் பெயரும் இல்லை. என் பெயர் மட்டும் அடியில் இருக்கிறது.

சென்டர்காரரைத் திட்டிவிட்டு வந்து பார்த்தால், வெள்ளைப் பட்டை என்னிடமும் இருக்கிறது.

ஊர்க்குருவி | புதன் இரவு 10.10

இதைத்தான் டீச்சர் சொன்னேன். இந்த விதிகளை நுணுக்கமாகப் பார்த்தால் தமிழ்நாட்டில் ஒரு ஆசிரியரும் தப்ப மாட்டார்.

(ஆனால் ஒளிக்காமல் எழுதினீர்களே, அதற்கு ஒரு வணக்கம்.)

தொகுப்பான் | புதன் இரவு 11.48

விக்கிப்பீடியாவில் எட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். படங்களின் உரிமத்தை நோண்டுவது எனக்கு நோய். பக்கம் பக்கமாகப் பிரிப்போம், பயப்பட இதில் ஒன்றும் இல்லை.

ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015ல் தொடங்கியது. கதைகள் பெரும்பாலும் ‘சிசி பை 4.0’ (கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம், 4.0 அதன் பதிப்பு எண்) உரிமத்தில் இருக்கும். அதாவது படியெடுக்கலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். ஒரே நிபந்தனை: யாருடையது, எந்த உரிமம், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று சொல்ல வேண்டும். நீங்கள் எடுத்துவிட்ட அந்தக் கடைசிப் பக்கம்தான் விலை. காசாகக் கேட்காமல் பெயராகக் கேட்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 12 பக்கக் கதைகளைச் சென்டர்காரர் விற்பது தப்பே இல்லை! பெயர்களைப் போட்டு, சுருக்கிய உங்கள் கைவேலைக்கும் உங்களிடம் கேட்டிருந்தால். “அனைத்து உரிமைகளும்” என்று அடித்ததுதான் பொய்.

பாடப்புத்தகப் படங்கள்: பிடிஎஃப் இலவசமாகக் கிடைப்பதால் பலர் பொதுச்சொத்து என்று நினைக்கிறார்கள். இல்லை. அரசு வெளியீட்டுக்கு அரசே உரிமையாளர், வெளியான வருடத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு. 2024 ஏப்ரலில் மத்திய அரசின் பாடநூல் நிறுவனமான என்சிஇஆர்டி, தன் பாடப்புத்தகத்தை அனுமதியில்லாமல் அச்சிடுபவர்களை எச்சரித்து அறிக்கையே விட்டது. வகுப்பில் நீங்கள் கொடுப்பதற்கு 52ஆவது பிரிவு துணை நிற்கும். முகம் தெரியாத ஆயிரம் பேர் இருக்கிற டெலிகிராம் குழுவை ‘என் வகுப்பு’ என்று சொல்வது கஷ்டம். சென்டர்காரர் புத்தகம் போட்டு விற்றதற்குச் சுத்தமாக இடமில்லை.

பாரதிதாசன்: கவலையே வேண்டாம். அவர் படைப்புகள் நாட்டுடைமை. இல்லையென்றாலும் அவர் மறைந்தது 1964, ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்ற கணக்கு 2024 டிசம்பரோடு தீர்ந்தது. பாரதியாரின் உரிமையை 1949லேயே அரசு வாங்கி, பிறகு மக்களுக்குக் கொடுத்துவிட்டது. நல்ல பாட்டு வேண்டுமென்றால் நாட்டுடைமைப் பட்டியலில் தேடுங்கள். நம்மிடம் இருக்கும் அளவுக்கு இந்த வசதி மற்ற இடங்களில் இல்லை.

பம்பரம்: காமன்ஸில் படத்தின் பக்கத்தைத் திறந்து உரிமத்தைப் பாருங்கள். ‘பை-எஸ்ஏ’ என்றால், மாற்றிய படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அந்த ஒரு படத்துக்கு மட்டும், 46 பக்கத்துக்கும் அல்ல.

கூகுள் படங்கள்: தூக்கிவிடுங்கள். யாருடையது என்றே தெரியாததற்கு எந்த உரிமமும் எழுத முடியாது.

கடைசியாக உங்கள் வேர்வைக்கு மருந்து. 4.0 உரிமங்களில் ஒரு விதி இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமம் ரத்தாகும். ஆனால் மீறல் தெரியவந்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் தானாகத் திரும்பி வந்துவிடும். பழைய 3.0ல் இது கிடையாது. உங்களுக்கு இன்று தெரிந்தது, நாளையிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் | வியாழன் காலை 11.05

நடுவில் புகுகிறேன், மன்னிக்கவும். கோவை. மகனை ஐந்தாம் வகுப்பு வரை வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். ஆசிரியர்களுக்குச் சொன்னதெல்லாம் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கும் பொருந்துமா? அமெரிக்க ஆசிரியர்கள் தாங்கள் செய்த பாடப்பொருள்களை விற்கும் தளம் ஒன்றில் பின்னக் கணக்குத் தாள்கள் காசு கொடுத்து வாங்கினேன். என் தங்கை மகளுக்கும் அதே வயது. அவள் வீட்டுக்கு அனுப்பலாமா? காசு கொடுத்து வாங்கியதுதானே, என் பொருள்தானே?

தொகுப்பான் | வியாழன் பகல் 12.30

வாங்கியது காகிதம் இல்லையம்மா, அனுமதி. அந்த மாதிரித் தளங்களில் விற்பது பெரும்பாலும் ஒருவருக்கான உரிமம். ஒரு ஆசிரியர் வாங்கினால் தன் வகுப்புக்கு எத்தனை காப்பியும் எடுக்கலாம், பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுக்கக் கூடாது. அவருக்குக் குறைந்த விலையில் கூடுதல் உரிமம் வாங்க வழி வைத்திருப்பார்கள். பொருளை இறக்கியதும் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ எழுதியிருக்கும், அதையும் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் தங்கை மகள் உங்கள் வீட்டுக்கு வந்து மகனோடு உட்கார்ந்து செய்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கோப்பை அனுப்புவதுதான் பிரச்சினை.

இலவசமாகவே தரமானது வேண்டுமென்றால் கான் அகாடமி பாருங்கள். அது பெரும்பாலும் ‘பை-என்சி-எஸ்ஏ’. வீட்டுக்கும் பள்ளிக்கும் தாராளம், வியாபாரத்துக்கு மட்டும் கூடாது, ‘என்சி’ என்றால் அதுதான். மத்திய அரசின் பாடத்தளமான திக்ஷாவில் ஒவ்வொரு பாடப்பொருளுக்கும் உரிமம் தனித்தனியாகக் காட்டும். ஒரே தளத்தில் இருப்பதால் எல்லாம் ஒரே விதி என்று நினைத்துவிடாதீர்கள்.

குடும்பத்துக்கு: சொந்தப் படிப்புக்காக நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள 52ஆவது பிரிவிலேயே இடமுண்டு. வீட்டில் கற்பிக்கும் தாய் ‘ஆசிரியர்’ கணக்கில் வருவாரா என்று கேட்டால், சட்டத்தில் ‘பள்ளி ஆசிரியர்’ என்று இல்லை, ‘ஆசிரியர்’ என்றுதான் இருக்கிறது. என் பார்வையில் வருவார்.

ஊர்க்குருவி | வியாழன் பகல் 12.41

அப்படியென்றால் டியூஷன் வாத்தியாரும் ஆசிரியர்தானே?

புத்தகப்பூச்சி | வியாழன் பகல் 1.15

நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டாலும். தன் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தாள் எடுத்துக் கொடுத்தால் அவரும் அப்படி வாதாடலாம். 150 ரூபாய் விலை போட்டு, அட்டையில் பதிப்பகம் என்று பெயர் வைத்தால் அவர் அந்த நேரத்தில் ஆசிரியர் இல்லை, வியாபாரி.

ஜெராக்ஸ் ராஜா | வியாழன் மாலை 5.20

‘வியாபாரத்துக்குக் கூடாது’ என்று இருக்கும் தாளை டீச்சர் என்னிடம் கொண்டுவந்தால்? நான் பக்கத்துக்குக் காசு வாங்குகிறேனே. அது வியாபாரம் இல்லையா?

தொகுப்பான் | வியாழன் இரவு 8.02

அண்ணே, இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. கிரேட் மைண்ட்ஸ் என்று ஒரு நிறுவனம். அவர்கள் தயாரித்த கணக்குப் பாடங்கள் நியூயார்க் மாநிலப் பள்ளிகளுக்காக ‘பை-என்சி-எஸ்ஏ’ உரிமத்தில் இணையத்தில் வெளியாகின. பள்ளிகள் ஃபெடெக்ஸ் ஆபீஸ் கடைகளில் கொடுத்துக் காப்பி எடுத்தன. கடை காசு வாங்குகிறதே, அது வியாபாரம் என்று கிரேட் மைண்ட்ஸ் வழக்குப் போட்டது. 2018ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பள்ளியின் பயன்பாடு வியாபாரம் இல்லை, பள்ளி கேட்டபடி கடை அந்த வேலையைச் செய்துகொடுத்திருக்கிறது, உரிமம் மீறப்படவில்லை என்றது. 2019ல் ஆபீஸ் டிப்போ மீது போட்ட வழக்கிலும் அதே முடிவு.

நம் நாட்டுத் தீர்ப்பு இல்லைதான். ஆனால் உரிமத்தின் வாசகம் உலகம் முழுக்க ஒன்றே. டீச்சர் கொண்டுவந்தால் அடியுங்கள். நீங்களே நூறு செட் அடித்துக் கடை வாசலில் தொங்கவிட்டால்தான் வம்பு.

ஜெராக்ஸ் ராஜா | வியாழன் இரவு 8.10

தொங்கவிட்டிருக்கிறேன். நாளைக்குக் கழற்றிவிடுகிறேன்.

வடலி | வெள்ளி காலை 7.15

யாழ்ப்பாணத்திலிருந்து. இங்கேயும் இதே கதைதான். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் கடந்தகால வினாத்தாளும் மாதிரி வினாத்தாளும் யார் தயாரித்தது என்றே தெரியாமல் கை மாறும். எங்கட சட்டம் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். உங்கட 52ஆம் பிரிவு போல நீளமான பட்டியலைவிட, என்ன நோக்கம், எவ்வளவு எடுத்தது, எடுத்ததால் உரியவரின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்று பார்க்கிற ‘நியாயமான பயன்பாடு’தான் எங்களுக்கு முதன்மை.

ஒன்று சொல்ல வந்தேன். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தை எல்லாரும் பயன்படுத்துகிறோம். அவர்கள் எழுத்தாளர்களிடம் அனுமதி கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். கேட்டால் தர மாட்டார்கள் என்று நாங்களே முடிவெடுத்துவிடுகிறோம். நான் ஒருமுறை ஒரு சிறுவர் பாடல் ஆசிரியரிடம் கேட்டேன். ஒரு மணித்தியாலத்தில் “தாராளமாகப் பாவியுங்கோ” என்று பதில் வந்தது, கூடவே திருத்திய பிரதியும் அனுப்பினார்.

மணியடி | வெள்ளி காலை 9.00

தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டு விழா பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதற்கும் அதே 52ஆவது பிரிவில் இடமிருக்கிறது. பார்வையாளர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் போதும். பெற்றோரைச் சட்டமே பெயர் சொல்லி உள்ளே உட்கார வைத்திருக்கிறது. ஆனால் நாங்கள் அந்த நிகழ்ச்சியை வீடியோ தளத்தில் ஏற்றினோம். மறுநாள் பாட்டுச் சத்தம் அறுந்து, பிள்ளைகள் ஊமைப்படமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தப்பு எங்களுடையதுதான். ஊரே பார்க்கும் இடத்தில் ஏற்றினால் அந்த வட்டம் உடைந்துவிடுகிறது.

டீச்சரின் பிரச்சினையும் இதே ஜாதிதான். வகுப்பில் இருந்தவரை சரி, டெலிகிராமுக்குப் போனதும் வேறு.

நாலாங்கிளாஸ் | ஞாயிறு மாலை 4.30

மூன்று நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். கூகுள் படங்கள் எல்லாம் போயின. பாடப்புத்தகப் படங்களுக்குப் பதிலாக எங்கள் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்து கொடுத்தாள். அவள் அம்மாவிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பெயர் போடலாமா என்றும் கேட்டேன். “முதல் எழுத்து மட்டும் போடுங்க டீச்சர்” என்றார். அவள் வரைந்த ஆடு கொஞ்சம் நாய் மாதிரி இருக்கிறது, இருக்கட்டும். ஸ்டோரிவீவர் கதைகள் ஒவ்வொன்றையும் திரும்ப இறக்கி, கடைசிப் பக்கத்திலிருந்து பெயர்களை எடுத்து ஒரே பக்கமாகத் தொகுத்தேன்.

உரிமம் என்ன போடுவது என்று ஒரு ராத்திரி யோசித்தேன். மற்ற டீச்சர்கள் மாற்றிப் பயன்படுத்த வேண்டும், 150 ரூபாய்க்கு யாரும் விற்கக் கூடாது. அதனால் ‘பை-என்சி-எஸ்ஏ’. அடிவரி இப்படி எழுதியிருக்கிறேன்:

“தொகுப்பும் பயிற்சிகளும்: நாலாங்கிளாஸ். சிசி பை-என்சி-எஸ்ஏ. கதைகள், படங்களின் விவரம் 47ஆம் பக்கத்தில்.”

சென்டர்காரருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். எந்தப் பக்கங்கள் என்னுடையவை, எவை என்னுடையவை அல்ல, எவற்றை அவர் பெயர் போட்டு விற்கலாம் என்றுகூடப் பிரித்து எழுதினேன். நேற்று போன் வந்தது. முதலில் கத்தினார். அப்புறம், “அந்தக் கதையெல்லாம் நிஜமாவே விக்கலாமா மேடம்?” என்று கேட்டார். மீதிப் பிரதிகளை நிறுத்திவிட்டாராம். எத்தனை விற்றது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊர்க்குருவி | ஞாயிறு மாலை 5.02

காசு கேட்டிருக்க வேண்டும். இதில் மட்டும் நான் உங்கள் பக்கம்.

புத்தகப்பூச்சி | ஞாயிறு மாலை 5.40

கேட்க வழி இருக்கிறது, 55ஆவது பிரிவில் நஷ்டஈடு உண்டு. அதுபோக, தெரிந்தே செய்தவருக்கு 63ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம் என்று இருக்கிறது. திரும்ப அச்சடித்தால் அந்தக் கடிதமும் போன் அழைப்பும் உதவும். கடிதத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள்.

தொகுப்பான் | ஞாயிறு மாலை 6.15

அடிவரி நன்றாக இருக்கிறது டீச்சர், மூன்று திருத்தம். ஒன்று, ‘4.0’ விட்டுப்போயிருக்கிறது. எந்தப் பதிப்பு என்பது முக்கியம், அந்த 30 நாள் சலுகையே அதில்தான் இருக்கிறது. இரண்டு, உரிமத்தின் இணைப்பைக் கொடுங்கள், தாளில் அச்சாகும் என்பதால் முழு முகவரியாக. மூன்று, 47ஆம் பக்கத்தில் கதைகளுக்கு எதிரே ‘சுருக்கப்பட்டது’ என்று போடுங்கள், இல்லையென்றால் அந்த எழுத்தாளர் அப்படித்தான் எழுதினார் என்று ஆகிவிடும். பம்பரத்துக்கு ‘பை-எஸ்ஏ’ தனியாக.

என்சி எனக்குப் பிடிக்காது, அது வேறு சண்டை. உங்கள் தாள், உங்கள் விருப்பம்.

நாலாங்கிளாஸ் | ஞாயிறு இரவு 9.20

மூன்றும் திருத்திவிட்டேன். பம்ரபத்தையும். ராஜா அண்ணே, நாளைக்குக் காலையில் 38 செட் வேண்டும், இரண்டு பக்கமும்.

ஜெராக்ஸ் ராஜா | ஞாயிறு இரவு 9.26

47 பக்கம் என்றால் 24 தாள் டீச்சர், கடைசித் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். 46 என்றால் 23 தாளில் முடிந்துவிடும். முன்னே மாதிரி கடைசிப் பக்கத்தை விட்டுவிடவா?

நாலாங்கிளாஸ் | ஞாயிறு இரவு 9.27

அண்ணே!!

ஜெராக்ஸ் ராஜா | ஞாயிறு இரவு 9.28

சும்மா கேட்டேன். 24 தாள், 38 செட். ஏழரைக்கே கடை திறந்திருக்கும்.